சொறி என்று சொல்லாதே

சந்தியா,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விரிசல் ஒட்டுவதற்காக நீ வீட்டுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் போட்டு வைத்திருக்கிறாயே அந்த மஞ்சள் கயாக், அதில் நான் ஏறி உட்கார்ந்தேன். நீ கடைக்குப் போயிருந்த நேரம் அது. ஏறியதென்னவோ சுலபமாகத்தான் இருந்தது, இறங்கத்தான் முடியவில்லை. என் இடுப்பு அந்தக் குழிக்குள் நன்றாகப் பதிந்துகொண்டது. மணலில் கிடக்கும் படகுக்குள் உட்கார்ந்துகொண்டு, நடுக்கடலில் மாட்டியவளைப் போல "யாராவது வாங்களேன்" என்று கத்தினேன். உங்கப்பா வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்தால் சோறு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். போய் ஆட்டோ ஏழுமலையைக் கூட்டிவந்தார். இரண்டு பேரும் படகை ஒருக்களித்துக் கவிழ்த்து, கூடையிலிருந்து மத்தியைக் கொட்டுவது போல என்னை மணலில் கொட்டினார்கள். "யக்கா, ஒரு ரவுண்டுக்கு டிக்கெட் எவ்ளோ?" என்று ஏழுமலை கேட்டான். அவன் வீட்டுக்கு இனிமேல் மீன் தலை கிடையாது.

விளையாட்டுக்கு ஏறவில்லையடி. அதில் உட்கார்ந்தபடியே ஒருத்தி தன் தொடையில் தானே ஊசி போட்டுக்கொள்ள முடியுமா என்று பார்க்கத்தான் ஏறினேன். கை எட்டுகிறது. ஆனால் தொண்டை அடைத்து, கண் இருட்டி, அலை தூக்கிப் போடும்போது அந்தக் கை நீ சொன்னதைக் கேட்குமா? மணலில் உட்கார்ந்து அதைத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். தெற்கே தீவுகள் இருக்கிற கடலில் உன் முதலாளி புதிதாகக் கிளை தொடங்குகிறார், சுற்றுலா வருகிறவர்களை வரிசையாகக் கயாக்கில் கூட்டிப்போக நீதான் முன்னால் போகப் போகிறாய். சந்தோஷமான விஷயம்தான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நேரில் சொன்னால் நான் பாதியில் ஏதாவது கேலி பேசிக் கெடுத்துவிடுவேன், நீயும் காதில் அந்த ஒயரை மாட்டிக்கொண்டு போய்விடுவாய். அதனால்தான் மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிவந்தவள் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் சிரித்துவிட்டுப் படி. ஆனால் படித்துவிடு.

முதல் தடவை உனக்குக் கொட்டியபோது நான் பயப்படவே இல்லை. ஆறு கடலோடு சேரும் இடத்தில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாய், குடை மாதிரி மிதந்து வருமே, அது மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. வீட்டுக்கு வரும்போது கை கத்தரிக்காயாக வீங்கியிருந்தது, வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக இருந்தது. "வளையல் வேணும் வளையல் வேணும்னு கேட்டியே, கடலு போட்டு அனுப்பிச்சிருக்கு பாரு" என்று சிரித்தேன். நம் பக்கத்தில் யார்தான் அதற்குப் பயந்தார்கள்? வலையோடு நுங்கு மாதிரி வழவழவென்று வந்து மாட்டும், தொட்டால் அரிக்கும், அதனால் நாம் அதற்குச் சொறி என்று பேர் வைத்துவிட்டோம். உங்கப்பா கையால் வாரிக் கடலில் வீசிவிட்டு, அதே கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு டீ குடிப்பார். கொசு கடித்தது என்று யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா? எங்களுக்கு அது அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது தடவையைப் பற்றிப் பேசவே விடமாட்டேன் என்கிறாய். உனக்குப் பாதிதான் தெரியும். மீதியைப் பார்த்தவள் நான். கூட வந்த பெண் அலையில் கவிழ்ந்துவிட்டாள் என்று நீ குதித்தாய். அவளை உன் படகின் மேல் ஏற்றிவிட்டாய், அவளுக்கு ஒரு கீறல் கூட இல்லை. உன் கழுத்திலும் தோளிலும் நூல் நூலாகச் சுற்றியிருந்தது. கரைக்கு நீயேதான் வந்தாய், நடந்துதான் வந்தாய். உங்கப்பா ஓடிவந்து, பரம்பரையாகச் செய்கிறபடி ஈர மணலை அள்ளித் தேய்த்தார். நான் குடத்து நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். இரண்டுமே செய்யக் கூடாதாம். ஒட்டியிருக்கிற நூலில் மிச்சமிருக்கும் விஷத்தை நாங்கள்தான் தேய்த்து உள்ளே ஏற்றியிருக்கிறோம். "எம்மா, தொண்டைல இன்னாவோ மாட்டிக்கின மாதிரி இருக்குது" என்று நீ சொன்னபோது உன் குரல் வேறு யாருடைய குரலாகவோ இருந்தது.

ஏழுமலை ஆட்டோவை எப்படி ஓட்டினான் என்று எனக்குத் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். சீட்டுக் கொடுக்கிற பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். நான் சொன்னேன், "சொறிம்மா. பொண்ணுக்குச் சொறி புடிச்சிடுச்சு." அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. சொறி என்றால் ஊருலகத்தில் அரிப்புதானே? உன் கழுத்தையும் பார்த்தாள், சிவந்து தடித்திருந்தது. மாடியில் தோல் டாக்டர், வரிசையில் உட்காருங்கள் என்று சீட்டை நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். படிக்காதவளுக்குச் சீட்டைக் கண்டால் ஒரு மரியாதை. உன்னைக் கைத்தாங்கலாகப் படியேற்றினேன். அங்கே ஒரு பெஞ்சு நிறைய ஆள்கள் சொறிந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்கையை நீட்டிக் காட்டி, "எனக்கு ஆறு மாசமா இருக்குது. பொண்ணுக்கு எத்தினி நாளா சொறி?" என்று விசாரித்தார். "இப்பதாங்க, அர மணி நேரமா" என்றேன். "பரவால்ல, ஆரம்பத்துலயே வந்துட்டீங்க" என்றார்.

அவரோடு பேசிக்கொண்டிருந்தேன் சந்தியா. நீ என் தோளில் சாய்ந்திருந்தாய், களைப்பில் தூங்குகிறாய் என்று நினைத்தேன். அந்த வழியாகப் போன ஒரு நர்ஸ் உன் உதட்டைப் பார்த்து நின்றாள். நாவல்பழம் தின்றவளுடைய உதடு மாதிரி இருந்தது. அவள் போட்ட சத்தத்தில்தான் நான் திரும்பிப் பார்த்தேன். அதன் பிறகு எல்லாரும் ஓடினார்கள். ஒரு டாக்டர், சின்னப் பையன்தான், என் முகத்துக்கு நேரே குனிந்து, "என்ன கடிச்சதும்மா, சீக்கிரம் சொல்லுங்க" என்றார். நான் திரும்பவும் சொறி சொறி என்றே சொன்னேன். எனக்கு வேறு வார்த்தை தெரியாதடி. அழுதுகொண்டே கையைக் குடை மாதிரி விரித்து, கீழே விரல்களை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். "ஜெல்லி மீனா? கடல்லயா? அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். உன் தொடையில் ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் உன் மூச்சு திரும்பி வந்த சத்தம் காற்றடிக்கிற பம்பு மாதிரி இருந்தது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் அந்த டாக்டர் உன் எதிரில்தானே சொன்னார். உனக்கு அந்த விஷம் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த தடவை இதைவிட வேகமாகத் தொண்டை அடைக்கலாம், முடிந்தால் கடலுக்கே போகாதே, போனால் ஊசியும் மருந்தும் உடம்போடு இருக்க வேண்டும், கூட இருக்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்று. போகாதே என்பதை நீ கேட்கவில்லை, சரி. நானும் அதை விட்டுவிட்டேன். ஊசி வாங்கி இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாய், அதுவும் சரி. "சாருகிட்டயும் சொல்லிட்டேம்மா" என்று நீ சொன்ன அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

போன வாரம் உன் முதலாளி சார் நம் வீட்டுக்கு வந்தார். உன்னை வெளியூர் அனுப்ப அப்பா அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று பழமெல்லாம் வாங்கிவந்தார். டவுன்காரர் என்றாலும் நல்ல பிள்ளை. பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தும் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். "பயப்படாதீங்கக்கா, கூடவே ஒரு இன்ஜின் படகு வரும். சந்தியாவுக்கு அந்தச் சொறி மட்டும் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லுங்க. உப்புத் தண்ணி பட்டா அதிகமாகுமாமே. நல்ல களிம்பு ஒண்ணு இருக்கு, நானே வாங்கித் தர்றேன்" என்றார். நான் உன்னைப் பார்த்தேன். நீ கூரையைப் பார்த்தாய். உங்கப்பா வாழைப்பழத்தைப் பார்த்தார்.

அவர் வண்டி கிளம்பியதும் கேட்டேன், "இன்னாடி சொன்ன அவருகிட்ட?"

"சொறி எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னேன். பொய்யா?"

"அவுருக்குச் சொறின்னா இன்னான்னு தெரியுமாடி?"

"அதுக்கு நான் இன்னா பண்றது? மீன் பேரெல்லாம் அவருக்குக் கிளாஸ் எடுக்கவா?"

நான் செருப்பைக் கூடப் போடாமல் அவர் வண்டி பின்னால் ஓடினேன். நீ வந்து என் கையைப் பிடித்தாய். பிடித்து உன் தலையில் வைத்தாய். "எந்தலை மேல அடிச்சி சொல்லு, அவருகிட்ட சொல்ல மாட்டேன்னு. சொன்னா என்ன ஆபீஸ்ல ஒக்கார வச்சி போன் எடுக்கச் சொல்லுவாரும்மா. இந்தக் குப்பத்துல எல்லாரும் சிரிக்கிறதுக்கா நான் இவ்ளோ தூரம் வந்தேன்?" என்று அழுதாய். நீ சின்னதில் கூட அப்படி அழுததில்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கை உன் தலையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

சத்தியமெல்லாம் சும்மா என்று நீ சொல்லலாம், காலேஜ் படித்தவள். நம்பாதவள் ஏன் என் கையை இழுத்துத் தலையில் வைத்தாய்? நான் நம்புவேன் என்று தெரிந்துதானே? இப்போது நான் எந்தப் பக்கம் திரும்புவேன் சொல். வாயைத் திறந்தால் சத்தியம் உன் தலையில் விடியும். மூடியிருந்தால் கடல் உன் கழுத்தைப் பிடிக்கும். பாகூர் தெருவில் மீன் விற்கக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என்ன மீன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வராமல் நிற்கிறேன். "இன்னாக்கா, இன்னிக்கு வாயே காணோம்?" என்று வாத்தியார் வீட்டம்மா கேட்கிறார். கேலி பேசாத நாள் என் வாழ்க்கையில் இதுதான்.

உனக்கு ஏன் பயம் என்று எனக்குப் புரியாமலில்லை. பொம்பளை ஏறின படகு உருப்படாது என்று நம் குப்பத்து வாய்கள் சொன்னபோது, "அவ ஏறுனது படகே இல்ல, பிளாஸ்டிக் பக்கெட்டு, ஒண்ணும் ஆவாது" என்று பதில் சொன்னவள் நான்தானே? அந்தப் பக்கெட்டில் நீ நேராக முதுகை நிமிர்த்தி அலையைத் தாண்டிப் போவதைக் கரையிலிருந்து பார்க்கும்போது எனக்குள் என்ன நடக்கும் என்று உனக்குச் சொன்னதே இல்லை. இப்போதும் சொல்ல மாட்டேன், தலைக்கனம் ஏறிவிடும். அந்த இடம் உன்னை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஆனால் மறைத்து வைத்த ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு தூரம் துடுப்புப் போடுவாய்?

உங்கப்பா கதை ஒன்று இருக்கிறது, அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவருக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. கண்ணாடி போட்டால் படகில் ஏற்ற மாட்டார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னிடமும்தான். பொண்ணு பார்க்க வந்த அன்றைக்கே என் அக்காவைப் பார்த்துத்தான் சிரித்தார், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் விடியற்காலையில் நடுக்கடலில் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் வலைக்கு அடையாளமாக மிதக்கவிட்டிருந்த கொடியைத் தங்கள் கொடி என்று நினைத்துப் படகை ஓட்டி, அவர்கள் வலையை மீனோடு இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் படகில் போன நான்கு பேரும் திருடன் பட்டம் வாங்கி நின்றார்கள். உண்மையை உங்கப்பா அங்கேதான் கக்கினார். அவரோடு படகில் போகிற கூட்டாளி தலையில் அடித்துக்கொண்டு, "கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கண்ணு இருக்கறவன முன்னால ஒக்கார வச்சிருப்பமேடா. இன்ஜினுக்கு உன்ன வுட்டா எவன் இருக்கான்?" என்றார். அன்றிலிருந்து கண்ணாடியைக் கயிற்றால் பின்னந்தலையில் கட்டிக்கொண்டு, அதே படகில், அதே இடத்தில் உட்கார்ந்துதான் போகிறார். அவருக்குப் போனது வலையும் மானமும்தான். உனக்குப் போகப்போவது அதுவல்ல என்பதால்தான் இப்படிக் கெஞ்சுகிறேன்.

நான் தெரியாமல் சொன்ன வார்த்தையை நீ தெரிந்தே சொல்லியிருக்கிறாய். என்னை நானே மன்னித்துக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு இருக்கிறது, வேறு வார்த்தை தெரியாது. உனக்கு இரண்டும் தெரியும். உன் முதலாளிப் பிள்ளை உன்னைத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் மடியில் போட்டுக்கொண்டு, இடுப்புப் பையில் ஊசி இருப்பதே தெரியாமல், களிம்பைத் தேடிக்கொண்டிருப்பார். அதைத்தான் தினமும் பார்க்கிறேன், கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கிறேன். என் தங்கமே, சொறி என்று சொல்லாதே. அவருக்குப் புரிகிற வார்த்தையில் சொல். "ஜெல்லி மீன் கொட்டினால் என் தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். ஊசி இந்தப் பையில் இருக்கிறது, என் தொடையில் போட்டுவிட்டுக் கரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்." இவ்வளவுதான். ரயிலில் சொன்னாலும் சரி, இறங்கிய பிறகு சொன்னாலும் சரி. தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடு. உடம்பு மூடுகிற அந்தக் கறுப்புச் சட்டையைப் புழுக்கமாக இருக்கிறது என்று கழற்றாதே. நீ சொல்லி, அவர் உன்னை ஆபீசில் உட்கார வைத்தால், போன் எடு. அந்தப் போனில் எனக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவை பேசு. மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், நீ திட்டினாலும் பரவாயில்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். ஊசி பழகுகிற நேரம். உன்னோடு நான் வரப்போவதில்லை என்றாலும் சும்மா இருக்க முடியவில்லை, சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கேட்டு ஒரு வெறும் ஊசி வாங்கி வைத்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழத்தில் தண்ணீரை ஏற்றிப் பழகச் சொன்னார். ஆரஞ்சுக்கு நான் எங்கே போவேன், கூடையில் இருந்த பாறை மீனை எடுத்துப் பலகையில் போட்டேன். என்ன ஆச்சு என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போட வேண்டும் என்றும் நர்ஸம்மா சொல்லியிருந்தார். அதனால் மீனின் தொடை இருக்க வேண்டிய இடத்தில் குத்தி, "ஜெல்லி மீன் கொட்டிடுச்சு, எம்பொண்ணு சந்தியாவுக்கு மூச்சு அடைக்குது, போன தடவ செத்துப் பொழச்சா" என்று மீனிடம் சொன்னேன். மூன்று தடவை சொன்னேன், சத்தமாகத்தான் சொன்னேன். உன் ரயில் டிக்கெட்டைக் கொடுக்க உன் முதலாளி வந்ததும், உங்கப்பா அவர் கையில் டீயைக் கொடுத்துப் பின்பக்கம் போகச் சொன்னதும் எனக்குத் தெரியாது. திரும்பினால் நிற்கிறார். டீ முழுவதும் மீன் மேல் கொட்டியிருந்தது. "யாருக்கு?" என்று கேட்டார். நான் சத்தியம் செய்தவள், வாயைத் திறக்கவில்லை. காலி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, "அந்த ஊசி எந்தக் கடையில கெடைக்கும்?" என்றார். கடையைப் பற்றிச் சத்தியம் எதுவும் இல்லை என்பதால் ஆஸ்பத்திரி எதிரில் என்று சொன்னேன். டிக்கெட் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. டீ பட்ட மீனை விற்க முடியாது என்று நாமே வைத்துக்கொண்டோம். குழம்பு கொஞ்சம் இனிக்கிறது.